வாஷ் டெஸ்டில் தோற்ற லென்ஸ்

அம்மாவுக்குக் கண்புரை இருப்பதைக் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை, எங்களுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கிற பிளீச்சிங் பட்டறைக்காரர். ஒரு லோடு வெள்ளைத் துணி முழுவதையும் மஞ்சள் பாய்ந்திருக்கிறது என்று அம்மா திருப்பி அனுப்பிவிட்டார். பட்டறைக்காரர் அதைத் தொடக்கூட இல்லை, அப்படியே மறுபடி கொண்டுவந்து இறக்கினார். அம்மா மறுபடியும் மஞ்சள் என்றார். பட்டறைக்காரர் தலையைச் சொறிந்தார்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. ஒரு கண்ண மூடிட்டுப் பாருங்க. அப்பறம் அடுத்த கண்ண மூடிட்டுப் பாருங்க."

அம்மா பார்த்தார். இடது கண்ணுக்குத் துணி வெள்ளையாக இருந்தது. வலது கண்ணுக்கு டீ சிந்தின மாதிரி இருந்தது.

"அப்ப என்ற கண்ணுலதானுங்களா அழுக்கு?"

"துணியில இல்லீங்க்கா, அது மட்டும் நெசம்" என்றார் அவர், கையெடுத்துக் கும்பிட்டபடி.

எங்கள் பனியன் கம்பெனி, கோயம்புத்தூருக்குப் பக்கத்து ஊரில், ராயபுரம் என்கிற இடத்தில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. கம்பெனி என்றதும் கண்ணாடிக் கதவு, லிஃப்ட் என்றெல்லாம் நினைத்துவிடக் கூடாது. ஒரு ஹால் நிறைய தையல் மெஷின், ஓரத்தில் இஸ்திரி மேஜை, சன்னல் பக்கம் செக்கிங் டேபிள், அவ்வளவுதான். வெளியே அலைகிற வேலை அப்பாவுக்கு. செக்கிங் அம்மாவுக்கு. ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல், எதைக் கண்டாலும் அந்த இடத்தைக் காட்டுகிற மாதிரி ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டுவார். அம்மா பார்க்காத டி-ஷர்ட் அட்டைப் பெட்டிக்குள் போகாது. "அந்தக் கண்ணுதான் கம்பெனி, மத்ததெல்லாம் இரும்பு" என்று அப்பா அன்று சாயங்காலம் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு அப்போதுதான் பயம் வந்தது.

பயம் வந்தால் மற்றவர்கள் சாமி கும்பிடுவார்கள். நான் படிக்க ஆரம்பித்துவிடுவேன்.

டெக்ஸ்டைல் இன்ஜினியரிங் முடித்துவிட்டு வீட்டுக் கம்பெனியிலேயே சேர்ந்தவள் நான். எதையும் ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டு அடுத்த வாரமே மற்றவர்களுக்குப் பாடம் எடுக்கிற வியாதி எனக்கு உண்டு. மொட்டை மாடியில் தேனீ வளர்த்தேன். அவை பூவை விட்டுவிட்டு இஸ்திரி போடுகிறவரைத் தேடி வந்தன. ஜப்பானிய மொழி படித்தேன். துணி வாங்க வந்த ஜப்பான்காரரிடம் நான் வணக்கம் சொன்னதும் அவர் ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டார். இந்த வரிசையில் அடுத்ததாக அம்மாவின் கண் வந்து மாட்டிக்கொண்டது.

கோயம்புத்தூரில் ஒரு கண் டாக்டரிடம் போனோம். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், வாயைத் திறந்ததும் தெரிந்துவிடும். அம்மாவின் இரண்டு கண்ணையும் பார்த்துவிட்டு, வலது கண்ணில் புரை முற்றிவருகிறது, ஆபரேசன் செய்துவிடலாம், இடது கண்ணுக்கு அவசரமில்லை என்றார்.

"கண்ணுக்குள்ள ஒரு மெல்லிசான பை இருக்கும்மா. அதுக்குள்ளதான் இயற்கை லென்ஸ் இருக்கு. புரை விழுந்ததை எடுத்துட்டு, பையை அப்படியே விட்டுட்டு, அதுக்குள்ள புது லென்ஸை வைக்கோம். உங்களுக்குச் சிலிண்டர் பவர், அதாவது கோணத்துக்குக் கோணம் மாறுத பவர், கூட இருக்கதால அதையும் சேத்துச் சரிபண்ணுத லென்ஸா வைக்கலாம். ஆனா அதுக்கு ஒரு திசை உண்டு. வச்ச கோணத்துலயே நிக்கணும்."

"நிக்காட்டி?"

கேட்டது அம்மா இல்லை. நான்.

"பெரும்பாலும் நிக்கும். சிலருக்குக் கொஞ்சம் திரும்பும். திரும்புனா பலன் குறையும். அப்படி ஆனா மறுபடி சரிபண்ணலாம், பயப்பட ஒண்ணுமில்ல."

அம்மா தலையாட்டினார். தேதி வாங்கினார். விஷயம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் "திரும்பும்" என்ற சொல் என் காதில் விழுந்துவிட்டது. பனியன் கம்பெனியில் பிறந்து வளர்ந்தவளிடம் சொல்லக்கூடாத சொல் அது. நல்ல டி-ஷர்ட்டாகத் தைத்து அனுப்புவோம். வாங்கினவர் ஒரு தடவை துவைப்பார். இடுப்போரம் இருக்க வேண்டிய பக்கத் தையல் மெல்ல நடந்து வயிற்றுக்கு முன்னால் வந்து நிற்கும். நூலில் இருக்கிற முறுக்கு தண்ணீர் பட்டதும் வேலையைக் காட்டுவதால் வருகிற வினை. இதற்காகவே எந்த ஆர்டராக இருந்தாலும் முதலில் ஒரு சாம்பிள் தைத்து, கோடு போட்டு, மெஷினில் துவைத்து, கோடு எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று அளந்து பார்த்துவிட்டுத்தான் மொத்தமாக வெட்டுவோம். சாம்பிள் தோற்றால் துணியில் கத்தரி படாது. அம்மாவின் சட்டம் அது.

கோயம்புத்தூரிலிருந்து பஸ்ஸில் திரும்பி வருகிறபோதே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. லென்ஸ் என்பது ஒரு டி-ஷர்ட்.

அடுத்த சில நாட்கள் நான் கம்பெனி வேலை எதுவும் பார்க்கவில்லை. லென்ஸைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். நடுவில் வட்டம், இரண்டு பக்கமும் வளைந்த இரண்டு கை. அந்தக் கைகள்தான் பையின் ஓரத்தில் முட்டிக்கொண்டு லென்ஸைப் பிடித்து நிறுத்துகின்றன. சிலதில் கைக்குப் பதிலாகப் பட்டையான தகடு. சிலவற்றின் பொருள் பையோடு ஒட்டிக்கொள்ளும், சிலது வழுக்கும். கை நீளமா குட்டையா, விறைப்பா மெத்தென்றா, விளிம்பு கூரா மழுங்கலா, ஒவ்வொன்றுக்கும் டாக்டர்களுக்குள் ஒரு சண்டை நடக்கிறது. லென்ஸின் ஓரத்தில் குட்டிப் புள்ளிகள் வைத்திருப்பார்கள், திசை பார்க்க. நாங்கள் துணியில் கோடு போடுகிற மாதிரியே! எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அதனால் ஒரு லென்ஸ் செய்தேன்.

பெரிய கோட் பட்டன் ஒன்று, கண்ணாடி மாதிரி தெரிகிற வகை. டி-ஷர்ட்டில் விலை அட்டை மாட்டுகிற பிளாஸ்டிக் ஊசியை வளைத்து அதற்கு இரண்டு கை. வெட்டுத் துண்டு பனியன் துணியில் ஒரு வட்டப் பை தைத்து, பையிலும் பட்டனிலும் பேனாவால் புள்ளி வைத்து, இரண்டையும் நேர் பார்த்து உள்ளே வைத்து மூடினேன். பிறகு செய்ததைச் சொல்ல இப்போதும் கூச்சமாக இருக்கிறது. அதை வாஷ் டெஸ்ட் மெஷினில் போட்டேன்.

மெஷின் நின்றதும் எடுத்துப் பிரித்தேன். பட்டன் கால்வாசிச் சுற்றுத் திரும்பியிருந்தது. "பாத்தீங்களா! கை குட்டையா இருந்தா நிக்காதுன்னு நான் நெனச்சேன்!" என்று ஹாலுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். கத்திவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தேன். அம்மா பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"என்னது அது?"

"உங்க லென்ஸுங்கம்மா. சாம்பிள்."

அம்மா வாங்கினார். பையைத் திருப்பினார். வலது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு இடது கண்ணால் புள்ளியைப் பார்த்தார். மேஜைக்குப் போனார். ஒரு சிவப்பு அம்புக்குறியை எடுத்துப் பட்டனின் மேல் ஒட்டி, என் கையில் கொடுத்தார்.

"பனியன் பையிலயே நிக்காதது என்ற கண்ணுல நிக்குமா? வேண்டாஞ் சாமி. ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிச் சொல்லீரு."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். போன் பண்ணிச் சொன்னது அம்மாவேதான்.

அப்பா வந்ததும் விவரம் கேட்டார். சிரிப்பாரா திட்டுவாரா என்று தெரியாமல் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் இரண்டும் செய்யவில்லை. "நீ என்னத்துக்கு அம்மணி கண்ணத் தொவைச்ச?" என்று மட்டும் கேட்டார். 

அதற்கப்புறம் அம்மா டி-ஷர்ட்டுகளை சன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்க்க ஆரம்பித்தார். பிறகு கண்ணை விட்டுவிட்டு விரலால் தடவி ஓட்டை தேடினார். ஸ்கூட்டரில் வருகிறபோது பக்கத்துக் கம்பெனி வாசலில் அடுக்கியிருந்த நூல் பெட்டிகளின் மேல் ஏறி, முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு வந்தார். கேட்டால், "பொட்டிய ரோட்டுல வெச்சா என்ன பண்றது?" என்றார். பெட்டிகள் ரோட்டில் இல்லை. இப்படியே போனால் புரை இன்னும் கெட்டிப்படும், ஆபரேசன் இன்னும் சிரமமாகும் என்பதையும் நான்தான் படித்து வைத்திருந்தேன். அம்மாவைப் பயமுறுத்தியது என் சாம்பிள். ஆக, சரியான சாம்பிள் செய்து காட்டினால் பயம் போய்விடும் என்று முடிவு செய்தேன். புத்தி வருவதற்கு இன்னும் நேரமிருந்தது.

அடுத்த சாம்பிள் தகடு வகை. காலர் மடங்காமல் இருக்க வைக்கிற பிளாஸ்டிக்கில் நான்கு மூலையோடு வெட்டினேன். கொஞ்சம்தான் திரும்பியது. அம்மா ஸ்டிக்கர் ஒட்டினார். அதற்கடுத்தது அசையவே இல்லை. ஓடிப்போய்க் காட்டினேன். அம்மா பையைத் திறந்து, பட்டனை நகத்தால் நெம்பிப் பார்த்தார்.

"கம் வெச்சு ஒட்டிருக்கறயா?"

"அது... ஒட்டற மெட்டீரியலுங்கம்மா. நெசமாவே அப்படி லென்ஸ் இருக்குதுங்."

"கண்ணுக்குள்ள கம் ஊத்தறதுக்கு டாக்டர் எதுக்கு அம்மணி? நீயே ஊத்தீரு."

தையல்காரர்கள் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. பீகாரிலிருந்து வந்தவர்கள், அவர்களும் சிரித்தார்கள்.

கடைசியில் அப்பாதான் பேசி, வெறுமனே ஒரு தடவை டாக்டரைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று கிளப்பினார். அம்மா தோற்றுப்போன சாம்பிள்களையெல்லாம் ஒரு கவரில் போட்டு எடுத்து வந்தார். வேண்டாமென்று கெஞ்சினேன். டாக்டரின் மேஜையில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, "இது என்ற பொண்ணு பண்ணுன டெஸ்டுங்க. எல்லாம் பெயிலுங்க" என்றார்.

டாக்டர் பட்டனைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். சிவப்பு அம்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"எதுல போட்டு ஆட்டுனா உங்க மக?"

"வாஷிங் மெஷினுங்க" என்றார் அம்மா.

டாக்டர் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டி, இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் அம்மாவிடம் திரும்பினார்.

"மத்ததெல்லாம் கெடக்கட்டும், பைதான் தப்பு. நீங்க சொல்லுங்க, பனியன் துணியைத் தொவைச்சா என்னாகும்?"

"சுருங்குங்க."

"கண்ணுக்குள்ள இருக்க பையும் சுருங்கும். லென்ஸை வச்ச புதுசுல, முதல் நாள் ரெண்டாம் நாள்தான் கொஞ்சம் வழுக்கும். பெறகு நாள் போகப் போக பை லென்ஸோட ஒட்டிச் சுருங்கி, இறுக்கிப் பிடிச்சுக்கிடும்."

"சுருங்குனா நல்லதுங்களா?" என்றார் அம்மா. துணி சுருங்கியதற்காகக் காலமெல்லாம் ஏச்சு வாங்கியவர். சுருக்கத்தைப் பற்றி ஒரு நல்ல வார்த்தையை வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்கிற முகம் அது.

நான் சும்மா இருந்திருக்கலாம். "கை டிசைனுக்கும் தகடு டிசைனுக்கும் எது திரும்பாதுங்க டாக்டர்?" என்றேன்.

"ஒவ்வொண்ணுலயும் ஒரு நல்லது உண்டும்மா. நல்லா ஓரத்தைத் தொடுத கை உதவும். ஒட்டுத பொருள் உதவும். ஆனா திரும்பவே திரும்பாதுன்னு எந்த டிசைனுக்கும் நான் எழுதித் தர மாட்டேன். உங்கம்மாவுக்குக் கிட்டப்பார்வைக் கண்ணு, பெரிசா இருக்கு, பையும் பெரிசாத்தான் இருக்கும். அதனால திரும்ப வாய்ப்பு கொஞ்சம் கூடத்தான்."

அவ்வளவுதான், அம்மா எழுந்து வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். அம்மா மேஜையிலிருந்த சாம்பிள்களைக் கவருக்குள் போட்டு முடிச்சுப் போட்டார்.

"ஒரு பழுதும் வராதுன்னு சொல்ற, கூலிக்கு வேல எடுக்கற ஜாப் வொர்க்குக்காரன நான் நம்பறதே இல்லீங்க. நீங்க வரும்ங்கறீங்க. தேதி போடுங்க."

ஆபரேசன் சீக்கிரமே முடிந்துவிட்டது. வெளியே உட்கார்ந்திருந்த எனக்குத்தான் அது நீண்டது. கனமானதைத் தூக்க வேண்டாம், கண்ணைத் தேய்க்க வேண்டாம், சொட்டு மருந்து விட வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். காரில் ஏறியதும் நான் என் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தேன்: "முதல் நாள்தான் வழுக்கும்னாங்கல்லங்கம்மா, தலைய ஆட்டாதீங்க."

அம்மா ஆட்டவில்லை. கட்டிலில் நேராக உட்கார்ந்து, சுவரைப் பார்த்தபடி இருந்தார். பெரியம்மா பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். அம்மா திரும்பாமல், "வாங்கக்கா" என்றார். "வலிக்குதா?" என்றதற்கு, தலையசைக்காமல், "இல்லீங்க்கா." "சாப்பிட்டயா?" "ஆச்சுங்க்கா." எல்லாம் சுவரைப் பார்த்தே. பெரியம்மா என்னைச் சமையலறைக்கு இழுத்துப் போனார்.

"கண்ணுக்குத்தான ஆபரேசன் பண்ணுனாங்க, கழுத்துக்கு என்னாச்சு?"

நான் லென்ஸின் கை, பை, வழுக்கல் எல்லாவற்றையும் விளக்கினேன். பெரியம்மா பாதியிலேயே அடுப்பை அணைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் டாக்டர் அம்மாவின் கண்மணி விரிய மருந்து விட்டு, கருவியில் பார்த்தார். கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.

"திரும்பியிருக்கும்மா. லேசா இல்ல, கொஞ்சம் நல்லாவே."

அந்த நொடியில் எனக்குள் என்ன ஓடியது என்பதை மறைக்க விரும்பவில்லை. "என் சாம்பிள் சரி" என்று ஓடியது. ஒரு சின்னத் துள்ளல், பரீட்சையில் விடை பொருந்தியது மாதிரி. அடுத்த மூச்சில்தான் அது அம்மாவின் கண் என்பது வந்து சேர்ந்தது.  யாரும் என்னைக் கவனிக்கவில்லை. அது பெரிய உதவி.

"தலைய ஆட்டாமத்தானுங்க ஒக்காந்திருந்தேன்" என்றார் அம்மா மெதுவாக.

"தலைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையேம்மா! யார் சொன்னா?"

இப்போது இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"வேற டிசைன் வெச்சிருந்தா நின்னிருக்குங்களா?" என்று கேட்டார் அம்மா. என் வேலையை அம்மாவே எடுத்துக்கொண்டார்.

"நின்னிருக்கலாம். அதுவும் திரும்பியிருக்கலாம். நேர்மையாச் சொன்னா தெரியாது. இப்ப ரெண்டு வழி இருக்கு. இப்படியே விட்டுட்டு மிச்சத்துக்குக் கண்ணாடி போட்டுக்கிடலாம். இல்லன்னா ஒரு வாரம் பொறுத்து, பை கொஞ்சம் பிடிக்க ஆரம்பிக்கும்போது லென்ஸைத் திருப்பி நேரா வைக்கலாம். அப்ப வச்சா நிக்கும். ரொம்ப நாள் விட்டுட்டா பை இறுகிப்போகும், திருப்ப முடியாது."

நான் வாயைத் திறந்தேன். சொல்ல நிறைய வைத்திருந்தேன்.

"நீ செத்த வெளிய ஒக்காரு கண்ணு" என்றார் அம்மா.

கோபமில்லை, அதட்டலில்லை. செக்கிங் டேபிளில் வேலை முடியட்டும் என்று ஆளை நகர்த்துகிற அதே குரல். போய் உட்கார்ந்தேன். உள்ளே என்ன பேசினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வெளியே வந்தபோது அம்மாவிடம் புதுத் தேதி இருந்தது. "ஆல்டருக்குப் போட்டுட்டேன்" என்றார். தையல் சரியில்லாத டி-ஷர்ட்டைப் பிரித்துத் தைக்க அனுப்புவதை அப்படித்தான் சொல்வோம். தினமும் இருபது பீஸாவது ஆல்டருக்குப் போகும். அதில் அம்மாவுக்கு எப்போதும் பயமில்லை. பயந்தவள் நான்.

அந்த ஒரு வாரம் நான் எதுவும் படிக்கவில்லை. நிஜமாகவே. போனை எடுத்தாலே விரல் லென்ஸ் என்று அடிக்கப் பார்க்கும். வைத்துவிட்டு செக்கிங் டேபிளில் நின்றேன். அம்மா பக்கத்தில் நாற்காலி போட்டு, கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டியிருந்தால் பதிலாவது சொல்லியிருப்பேன்.

லென்ஸைத் திருப்பி வைத்தார்கள். மறுநாள் கட்டு இல்லாமல், எழுத்துப் பலகைக்கு முன்னால் அம்மாவை உட்கார வைத்தார்கள். மேலிருந்து படித்தார். நடுவில் நிறுத்துவார் என்று காத்திருந்தேன். நிற்காமல் கீழே போனார். கடைசிக்கு முந்தின வரியில் ஒரு எழுத்தில் தடுமாறி, "பிரிண்டு சரியில்லீங்க" என்றார். டாக்டர் சிரித்தார். அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார்.

"மூஞ்சியெல்லாம் என்ன இத்தன பருவு? ராவுக்குத் தூங்கறதே இல்லயா நீ?"

சில மாதம் கழித்து இடது கண்ணிலும் புரை முற்றியது. முதல் கண்ணில் லென்ஸ் திரும்பியதைப் பார்த்ததால் இதற்கு வேறு மாதிரிக் கை வைத்த லென்ஸாக வைக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் கிளம்பத் தயாராக நின்றேன். அம்மா செருப்பை மாட்டிக்கொண்டே அப்பாவைக் கூப்பிட்டார்.

"நீங்க வாங்க. இவ இங்கயே இருக்கட்டும். பொட்டி போகோணும் இன்னைக்கு."

பெட்டி எதுவும் போகவேண்டியதில்லை அன்றைக்கு. எனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். இருந்தேன். மறுநாள் பரிசோதனைக்கும் அவர்கள்தான் போனார்கள். ஒரே டி-ஷர்ட்டை நான் மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்ததைப் பார்த்து இஸ்திரி போடுகிறவர் வந்து வாங்கிக்கொண்டார். அப்புறம் போன் அடித்தது. அப்பா.

"நின்ன எடத்துலயே நிக்குதாம். துளி அசையலயாம்."

 "அம்மாகிட்டக் குடுங்கப்பா" என்றேன்.

"வாங்க மாட்டாளாமா. உன்றகிட்டச் சொல்லவே வேண்டாம்னா. சொன்னா ஏன் நின்னுதுன்னு அதுக்கும் ஒரு வெளக்கம் வெச்சிருப்பயாம்."

வைத்திருந்தேன். இந்த லென்ஸின் கை நீளம், அதனால் பையின் ஓரத்தை இன்னும் அதிக இடத்தில் தொடுகிறது என்பதுவரை சொல்லிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து அம்மா சிரிக்கிற சத்தம் கேட்டது. அப்பா போனை வைத்துவிட்டார்.